பிடி அரிசியின் கணக்கு: சிறு உதவி அன்றாடப் பழக்கமாவது பற்றி

1. கேள்வி

ஒருவர் நாள்தோறும் ஒரு சிறு உதவியைச் செய்துவந்தால் நாளடைவில் அது பழக்கமாகிவிடுகிறது. பழக்கமான பிறகு அதில் மனம் இருக்கிறதா என்ற ஐயமும் கூடவே எழுகிறது. பல் துலக்குவதுபோலச் செய்யப்படும் உதவிக்கு அறத்தில் என்ன இடம்?

ஐயம் பழையது. நற்செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தே ஒருவர் நல்லவராகிறார் என்று நிக்கோமாக்கிய அறவியலில் அரிஸ்டாட்டில் வாதிட்டார். இமானுவேல் காண்ட் அதற்கு உடன்படவில்லை. பழக்கத்தால் நடக்கும் செயலில் சுதந்திரமான தேர்வு மங்கிவிடுகிறது என்பதால், நல்லொழுக்கத்தைப் பழக்கத்தோடு ஒன்றாக வைக்க அவர் மறுத்தார். தமிழ் அறநூல்கள் இந்தச் சிக்கலுக்குள் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் சிறு செயல்களுக்கு அவை கொடுத்த இடம் பெரிது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கும் இன்சொல்லுக்கும் ஒப்புரவுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். எவராலும் செய்யக்கூடிய எளிய செயல்களைச் சொல்லும் திருமந்திரப் பாடல் ஒன்றில், உண்ணும் வேளையில் பிறருக்கென எடுக்கும் ஒரு பிடி உணவும் இடம்பெறுகிறது. செல்வருக்கு மட்டும் உரியதாக இருந்த கொடையை எல்லோர் கைக்கும் எட்டும் அளவுக்குச் சுருக்கித் தந்த பாடல் அது.

இன்று இந்தப் பேச்சு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. நாளுக்கு ஒரு நற்செயல் செய்யுங்கள், மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும், ஆயுள் நீளும் என்று வார இதழ்களும் கைப்பேசிச் செயலிகளும் அறிவுரை சொல்கின்றன. அரிஸ்டாட்டில் முதல் செயலி வரை இவர்கள் எல்லோரும் கொடுப்பவரையே பார்த்துப் பேசுகிறார்கள். கொடுப்பவர் நல்லவராகிறாரா, சுதந்திரமானவராக இருக்கிறாரா, மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதே கேள்வி. பெறுபவர் பக்கம் நின்று கேட்டால் விடை மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாகத் தமிழகத்திலும் இந்தியாவின் வேறு பகுதிகளிலும் இலங்கையிலும் வெவ்வேறு பெயர்களில் நடந்துவந்த பிடி அரிசி வழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2. உளவியல் ஆய்வுகள் காட்டுவதும் காட்டாததும்

முதலில், நல்ல மனம் இருந்தால் உதவி தானாக வரும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அசைத்துவிட்டன. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, உடனே போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்று உதவினார்கள். அவகாசம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். இடைப்பட்ட அவசரத்தில் இருந்தவர்களிடம் இது 45 விழுக்காடு. மாணவர்களில் ஒரு பகுதியினர், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவரைச் சொல்லும் விவிலியத்தின் நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசுவதற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த உவமை மனத்தில் இருந்தது அவர்களுடைய நடத்தையைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. இறைப்பணிக்குப் படிப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், காலை எட்டு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மனநிலையை நம்பலாமா? 1972இல் ஆலிஸ் ஐசனும் பாலா லெவினும் வெளியிட்ட ஆய்வில், பொதுத் தொலைபேசியில் எதிர்பாராமல் ஒரு நாணயம் கிடைத்தவர்கள் 16 பேரில் 14 பேர், அருகில் ஒருவர் தவறவிட்ட தாள்களைப் பொறுக்க உதவினார்கள். நாணயம் கிடைக்காத 25 பேரில் ஒருவர்தான் உதவினார். இந்தக் கதை பல பாடநூல்களில் ஏறியது. ஆனால் பின்னர் இதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. மனநிலை நன்றாக இருக்கும் நாளில் உதவி பெருகலாம். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருக்கும் உதவியை யாரும் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் பழக்கம். பழக்கம் 21 நாளில் உருவாகும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூல். புதிய முகத்தோற்றத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்பது பிற்காலத்தில் உதிர்ந்துபோயிற்று. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதுச் செயல் முயற்சியின்றி நடக்கும் நிலைக்கு வர இடைநிலை மதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறினால் எல்லாம் குலைந்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒவ்வொருவரும் தம் செயலைக் காலை உணவுக்குப் பின் என்பதுபோல அன்றாடம் வரும் ஒரு தருணத்தோடு முடிந்துவைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பழகியது பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்றவற்றை. பிறருக்குச் செய்யும் உதவியை அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இந்த எண்களை உதவிக்கும் பொருத்திப் பேசுவது முறையன்று.

உதவியையே ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் சிக்கலானது. சோன்யா லியுபோமிர்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. மாணவர்கள் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நற்செயல் செய்தார்கள். ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுவதும் பரப்பிச் செய்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. சிறு செயல்கள் அன்றாடத்தில் கலந்து கரைந்துவிட்டன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. 2018இல் ஆலிவர் கறியும் பிறரும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உதவி செய்பவருக்கு மகிழ்ச்சி கூடுவது உண்மை, ஆனால் அதன் அளவு நடுத்தரத்துக்கும் கீழே என்று தெரிந்தது.

இந்த 2005 சோதனையை எப்படிப் படிப்பது? மகிழ்ச்சியை அளவுகோலாகக் கொண்டால், உதவியை அன்றாடப் பழக்கமாக்காதே, வாரம் ஒருநாள் ஒதுக்கிச் செய் என்றே முடிவு வரும். அளவுகோலே தவறு என்பது என் வாசிப்பு. உதவி பெற்றவருக்கு எந்த ஏற்பாடு நல்லது என்று அந்தச் சோதனை கேட்கவில்லை. கேட்பது அதன் நோக்கமும் அன்று. பெறுபவரையும் கணக்கில் எடுத்த ஆய்வுகள் குறைவு. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் செய்தது அவற்றுள் ஒன்று. சிகாகோவின் பனிச்சறுக்குத் திடலில் முன்பின் தெரியாதவருக்குச் சூடான சாக்லேட் பானம் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார்கள். பெற்றவர் அடைந்த மகிழ்ச்சி, கொடுத்தவர் ஊகித்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கொடுப்பவர் தம் செயலின் எடையைக் குறைத்தே மதிக்கிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் இதுவும் ஒரு தடவை நடந்த நிகழ்ச்சி. நாள் தவறாமல் வரும் உதவி, அதை நம்பியிருப்பவரின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியேதான் போக வேண்டும்.

3. பானையும் அதைத் திரட்ட வருபவரும்

பிடி அரிசியின் செய்முறை எளியது. உலைக்கு அரிசி அளந்து எடுத்தபின், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையிலோ டப்பாவிலோ போடுகிறார்கள். களைந்த பிறகு எடுத்தால் ஈரம் ஏறிய அரிசியில் புழுங்கல் வாடை வந்துவிடும். மாதக் கடைசியில் மூட்டையிலிருந்து மொத்தமாக அளந்து கொடுப்பதும் இதுவும் அளவில் ஒன்றாக இருக்கலாம், செயலில் ஒன்றல்ல. மூட்டையில் இருக்கும்போது அது வீட்டின் இருப்பு. ஆழாக்கில் அளந்து முறத்தில் கொட்டியபின் அது அன்றைய சோறு. பிடி எடுக்கப்படுவது தன் சோற்றிலிருந்து. அதே சமயம் அது ஒரு பிடிதான். எடுத்ததால் யாருக்கும் வயிறு குறைவதில்லை. தனியாக ஒரு தீர்மானம் எடுக்கத் தேவையில்லை, நேரம் ஒதுக்கத் தேவையில்லை. சமைக்கிற நாளெல்லாம் அது நினைவுக்கு வந்தே தீரும். லண்டன் ஆய்வில் கலந்துகொண்டவர்களும் தம் செயலை இப்படித்தான் ஓர் அன்றாடத் தருணத்தோடு முடிந்துவைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அடுப்படி அந்த முடிச்சைப் போட்டுவைத்திருந்தது.

தமிழகத்தில் இதன் பெரிய சாதனை விருதுநகரில் நடந்தது. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையைப் பிடி அரிசிப் பள்ளி என்றே ஊரார் அழைத்தார்கள். வீடுதோறும் ஒதுக்கிய அரிசியைத் திரட்டி விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் பாடம் நடத்தினார்கள். நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் தமக்குள் விதித்துக்கொண்ட மகமையும் இதனோடு சேர்ந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவின் 1969ஆம் ஆண்டு நூல் மகமையை விரிவாகப் பேசுகிறது. கடைத்தெருவில் ஆண்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்த மகமைக்குக் கணக்கேடு இருந்தது. அதனால் அது ஆய்வாளர் கண்ணில் பட்டது. அடுப்படியில் பெண்கள் எடுத்த பிடிக்கு ஏடு இல்லை. காமராசரின் வரலாற்றை எழுதியவர்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு வரியாக அது நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்கிய செயலுக்கு இந்த இடம் போதாது.

காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி வகுத்த பிடி அரிசித் திட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் ஒரு பிடி அரிசியோடு ஒரு பைசாவும் போட வேண்டும். அரிசி மட்டும் இருந்தால் சோறாகாது, விறகும் உப்பும் வேண்டும் என்பது சமைத்தவருக்கே தெரிந்த உண்மை. திரட்டியதை அந்தந்த வட்டாரத்துக் கோயிலில் சமைத்து, நிவேதனம் செய்து, ஏழைகளுக்கு வழங்குவது ஏற்பாடு. வினோபா பாவே 1950களின் பிற்பகுதியில் முன்வைத்த சர்வோதய பாத்திரத்திலும் ஒரு பிடி தானியம்தான். ஆனால் அதைப் போட வேண்டியது வீட்டிலிருக்கும் குழந்தை. பிடி சிறுத்தால் சிறுக்கட்டும், கொடுக்கும் கை சின்ன வயதிலேயே பழகட்டும் என்பது அவர் எண்ணம். திரளும் தானியம் அவருடைய அமைதிப் படையான சாந்தி சேனையின் தொண்டர்களைத் தாங்க வேண்டும் என்பது திட்டம்.

இலங்கையில் ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கத்தின் சிறுவர் பள்ளிகளில், பிள்ளைகள் தீப்பெட்டி கொள்ளும் அளவு அரிசியோ பருப்போ கொண்டுவந்து பொதுப் பானையில் போட்டார்கள். ஜோன்னா மேசி அந்த இயக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். தீப்பெட்டி நல்ல அளவு. எந்தக் கூலிக்காரர் வீட்டிலும் காலித் தீப்பெட்டி இருக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளையும் அதற்கு மேல் கொண்டுவர முடியாது. கொடுக்க முடியாதவர் என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றிலும் நீண்ட ஆயுள் கண்டது மிசோரத்தின் 'புஹ்ஃபாய் தாம்'. காசி மலைப் பகுதியில் வேல்சு மறைப்பணியாளர்களின் சபையில் இருந்த வழக்கத்தைப் பின்பற்றி, 1910 வாக்கில் மிசோ பிரெஸ்பிட்டேரியன் சபையில் இது தொடங்கியது. ஒவ்வொரு தடவை சமைக்கும்போதும் ஒரு பிடி. சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய்த் திரட்டுகிறார்கள். சபை அதை விற்று மறைப்பணிக்குச் செலவிடுகிறது. நூறு ஆண்டைத் தாண்டியும் வழக்கம் உயிரோடு இருக்கிறது. வினோபாவின் பாத்திரமோ இன்று பெரும்பாலும் நூல்களில் மட்டுமே இருக்கிறது.

ஒரே செயல், ஒரே அளவு. ஒன்று நிலைத்தது, மற்றொன்று மங்கியது. கொடுத்தவர்களின் உள்ளத்தில் வேறுபாடு இருந்தது என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. மறைநம்பிக்கையின் வலிமை ஒரு காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மையும் உண்டு. ஆனால் நம்பிக்கை மட்டும் போதுமென்றால் காஞ்சித் திட்டமும் எல்லா ஊரிலும் அதே வலுவோடு நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரிவது வேறொன்று. மிசோரத்தில் பானையைத் தேடி ஓர் ஆள் தவறாமல் வருகிறார். வருபவர் பக்கத்துத் தெருப் பெண், பெயர் தெரிந்தவர். அவர் வரும் நாளில் பானை காலியாக இருந்தால் வீட்டாருக்குக் கூச்சமாக இருக்கும். சர்வோதய பாத்திரத்தைத் திரட்ட வேண்டியவர்கள் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த தொண்டர்கள். அடுத்தடுத்த ஊருக்குப் போய்க்கொண்டே இருந்த இயக்கத்துக்கு, வாரம் தவறாமல் ஒரே தெருவுக்குத் திரும்பி வருவது கடினம். எடுத்துப்போக ஆள் வராத பானையில் அரிசி வண்டு பிடிக்கும். ஒருமுறை வண்டு பிடித்ததைக் கொட்டிய வீட்டில் மறுபடி பிடி விழுவது அரிது.

ஆக, சிறு உதவி பழக்கமாக நிலைப்பதைப் பேசும்போது கொடுக்கும் ஒருவரின் மன உறுதியை மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. கொடுக்கும் கைக்கும் பெறும் வயிற்றுக்கும் நடுவே ஒருவர் நடக்க வேண்டியிருக்கிறது. அவருடைய வருகையும் பழக்கமாக வேண்டும்.

4. பெறுபவர் பக்கத்துக் கணக்கு

ஒரு பெண்ணின் கைப்பிடியில் ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் அரிசி அடங்கும். 45 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் ஒரு வீட்டிலிருந்து மாதம் 1,350 கிராம். நூறு வீடு உள்ள ஒரு தெருவில் நாளுக்கு நாலரைக் கிலோ. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 100 கிராம் தானியம் என்பது இன்றைய அரசு அளவு. அந்த அளவில் பார்த்தால் நூறு வீட்டின் பிடி, நாள்தோறும் 45 பிள்ளைகளின் சோறு. பருப்பும் எண்ணெயும் விறகும் தனி.

இந்தக் கணக்கை நாளுக்குப் பதில் வருடமாக மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒருமுறை, திருநாளன்று, பதினாறு கிலோ கொடுத்துவிடுகிறது. அரிசியின் மொத்த எடை கிட்டத்தட்ட அதேதான். அன்றைக்கு ஊரே விருந்து போடலாம். கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி நிறைந்திருக்கும், லியுபோமிர்ஸ்கியின் ஒருநாள் குழுவினரைப் போல. மறுநாள் காலையில் அந்த 45 பிள்ளைகளுக்கும் பசிக்கும். அரிசியைச் சேர்த்துவைத்து ஆண்டு முழுதும் போடலாமே என்றால், சேர்த்துவைக்க ஓர் இடம், காக்க ஓர் ஆள், அன்றாடம் சமைக்க ஒருவர் என்று யாரோ ஒருவர் அன்றாடத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

பசி அன்றாடம் வருவதால் உதவியும் அன்றாடம் வர வேண்டும். பழக்கமாக்குவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. காண்ட்டின் ஐயத்துக்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது. இன்று காலை பிடி அள்ளியபோது அந்தப் பெண்ணின் மனத்தில் இரக்கம் பொங்கியதா, அல்லது தண்ணீர் வருமுன் வேலையை முடிக்க வேண்டுமே என்ற நினைப்பு ஓடியதா என்பது அந்தச் சோற்றை உண்ணும் பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவளுடைய தேர்வு என்றோ ஒருநாள் அந்தப் பானையை அங்கே வைத்தபோது நடந்துவிட்டது. அதன்பின் மனம் சோர்ந்த நாளிலும் சண்டை நடந்த நாளிலும் அந்தத் தேர்வு கெடாமல் பழக்கம் காத்தது.

வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதைப் பார்க்க வருபவர்கள் நெருப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கவனம் விறகின்மேல் போகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாள் தவறாமல் யாரோ விறகு தள்ளியிருக்கிறார்கள், யாரோ மூட்டை இறக்கியிருக்கிறார்கள். பசித்து வருபவர், இன்று கிடைக்குமா என்று நினைக்காமல் அங்கே வர முடிகிறது.

இதற்கு எதிரான காட்சியைக் கோடை தொடங்கியதும் நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கலாம். தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா நடக்கிறது. முதல்நாள் மோரும் தர்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் வழங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் தட்டிப் பதாகை மட்டும் நிற்கிறது. பானை காய்ந்து கிடக்கிறது, சங்கிலியில் கட்டிய தம்ளரில் தூசி. தண்ணீர் இருக்கும் என்று நம்பி அந்த வழியே வந்த சுமைதூக்கும் தொழிலாளிக்கு, பந்தலே இல்லாதிருந்ததைவிட இது கொடுமை. பந்தல் இல்லையென்றால் அவர் வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்து வந்திருப்பார். நம்ப வைத்து நிறுத்தப்படும் உதவி, செய்யாத உதவியைவிட அதிகம் வருத்தும். திறப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பானை நிரப்பும் ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்தால் போதும்.

5. யாருடைய கை, யாருடைய வயிறு

பிடி அரிசியைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. மூன்று குறைகளைப் பேசியாக வேண்டும்.

பிடியை எடுத்த கை ஏறக்குறைய எப்போதும் பெண்ணின் கை. சமைத்தவள் அவள், எடுத்தவள் அவள், மிசோரத்தில் வீடுவீடாகத் திரட்டியவளும் அவள். திரண்ட பணத்தை எங்கே செலவிடுவது என்ற முடிவு பெரும்பாலும் அவளிடம் இல்லை. அதே மிசோ சபையில் பெண்களுக்கு ஆயர் பட்டம் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. வீட்டில் சோறு குறைந்தால் கடைசியில் உண்பவளும் அவளே என்பதால், வறிய வீட்டில் அந்தப் பிடி யாருடைய தட்டிலிருந்து போயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. இல்லறத்தின் பெயரால் விருந்தோம்பல் பேசப்பட்ட இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி விடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பிடி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது. சொந்தச் சாதிக்கு, சொந்தச் சபைக்கு, சொந்தக் கோயில் வட்டாரத்துக்கு என்று எல்லையிட்டே பெரும்பாலான ஏற்பாடுகள் இயங்கின. கோயில் நுழைவும் பொதுப் பள்ளியும் மறுக்கப்பட்ட, விருதுநகர் நாடார்களைப் போன்ற ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி கட்டியதைக் குறை சொல்வதற்கில்லை, அது தற்காப்பு. ஆனால் தெரிந்த முகம் பானையைத் திரட்ட வருவதால்தான் வழக்கம் நிலைக்கிறது என்று மேலே சொன்னதன் மறுபக்கம் இது. தெரிந்த முகத்தை நம்பி நடக்கும் ஏற்பாடு தெரியாத முகத்தை எளிதில் வெளியே நிறுத்திவிடும். சேரித் தெருவுக்கு அந்தப் பானை எத்தனை ஊரில் போயிற்று? போகாத இடத்தில், நாள்தோறும் அள்ளிய பிடி நாள்தோறும் ஒரு கோட்டையும் போட்டுக்கொண்டிருந்தது. பழக்கம் நன்மையை மட்டும் நிலைக்க வைப்பதில்லை.

மூன்றாவது குறை ஆழமானது. ஒருவர் இரக்கத்தால் கொடுப்பதை இன்னொருவர் கை நீட்டிப் பெறுவதைவிட, உரிமையாகப் பெறுவதே மேல். இதை மறுக்க இயலாது. தமிழகத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, தொடக்கத்தில் ஊராரின் பங்களிப்பைப் பெரிதும் நம்பியே நடந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அந்தப் பங்களிப்பைக் கேட்டார். பின்னர் அரசே முழுப் பொறுப்பையும் ஏற்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இன்று அரசுப் பள்ளியில் உண்ணும் பிள்ளை எந்த வீட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பிடி அரிசியால் நடந்த பள்ளியில் படித்தவர் இதைத் தொடங்கிவைத்தார். ஒரு தெருவின் பழக்கம் ஓர் அரசின் கடமையாக வளர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். உரிமை வந்தபின் இரக்கம் தேவையில்லை என்று சிலர் முடிக்கிறார்கள். தெருவில் பழகிய கைகள் இல்லாமல் அந்த உரிமைக்கான கற்பனை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர்களை நான் கேட்பேன்.

6. இன்றைக்கு எது அன்றாடம் தேவைப்படுகிறது

தமிழகத்தில் நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே பிடி அரிசியை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்வது பொருளற்றது. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே ஒரு தொகையை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவர்கள் இருக்கிறார்கள். கை அசையவில்லை, மனம் நினைக்கவில்லை, இது என்ன உதவி என்று கேட்பவர்களுக்கு மேற்சொன்ன விடையே போதும். அந்த இல்லத்துக்கு ஒன்றாம் தேதி பணம் வருவது உறுதி என்பது பெரிய ஆறுதல். ஆனால் வினோபா நினைத்த குழந்தையின் கை அதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறை பார்த்துப் பழக எதுவும் அங்கே நடப்பதில்லை.

எந்தத் தேவை இன்று அன்றாடம் திரும்பத் திரும்ப வருகிறது, அதை எந்தப் பணமும் எந்த அரசும் நிறைக்கவில்லை என்று தேட வேண்டும். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்களின் நிலை அப்படிப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான் கவனித்த வழக்கம் இது. எதிர்வீட்டு அம்மாள் காலையில் தம் பால் பாக்கெட்டை எடுக்க வெளியே வரும்போது, தனியே இருக்கும் பெரியவரின் கதவில் தொங்கும் பையிலிருந்து அவருடைய பாக்கெட்டையும் எடுத்து, மணி அடித்துக் கையில் கொடுக்கிறார். "பெரியப்பா, பால்" என்ற ஒரு சொல். அவர் கதவைத் திறக்கிறார், வாங்கிக்கொள்கிறார். அரை நிமிட வேலை. முந்தின இரவு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தால் காலை ஆறு மணிக்கு ஒருவருக்குத் தெரிந்துவிடும். பையில் பால் திரிந்து மணக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிடி அரிசியின் எல்லாக் கூறுகளும் இதில் இருக்கின்றன. எப்படியும் செய்தாக வேண்டிய ஒரு வேலையோடு அது முடிந்துவைக்கப்பட்டிருக்கிறது. அளவு சிறிது, கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. இரக்கம் பொங்கத் தேவையில்லை. கொடுப்பவரும் திரட்டுபவரும் இங்கே ஒரே ஆள் என்பதுதான் வேறுபாடு. அதன் பலவீனமும் அதுவே. வினோபாவின் பாத்திரத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். அந்த அம்மாள் பேரன் காதுகுத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது மணியை யார் அடிப்பது? கீழ்த்தளத்துக் காவலாளியிடமோ மாடிவீட்டுக் கல்லூரி மாணவனிடமோ அதைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போகிறாரா, அந்த ஏற்பாடு பெரியவருக்கும் தெரியுமா என்பதைப் பொறுத்தே அது அந்த வீட்டு வாசலில் நிலைப்பதும் நின்றுபோவதும் இருக்கிறது.